ஒட்டி வந்தார் இலக்கணம்

பாயிரம்

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே இறங்கினால் பொன்னானியில்தான் கால் நனையும். அதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படியிருந்தும் இவ்வூர் வீடுகள் சிலவற்றில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே 300 லிட்டர் கடல் இருக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் என்று கணக்குப் போட்டால் அதற்குப் பத்தரைக் கிலோ உப்பு. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி வெளியூர்க்காரரிடம் அரைமணி நேரம் பேசுகிற அதே மனிதர், அந்தத் தண்ணீரை ஆர்.ஓ. மெஷினில் விட்டு, இருந்த ருசியையும் எடுத்துவிட்டு, இறக்குமதி உப்பைக் கொட்டிக் கலக்குகிறார். இதைப் பைத்தியம் என்பாரும் உளர். அவர்கள் இந்நூலைக் கற்கத் தகுதியுடையார் அல்லர்.

நுதலிய பொருள் யாதோ எனின், அந்தக் கடலுக்குள் நாம் வாங்காமல், பில்லில் ஏறாமல், பவளத் துண்டின் அடியிலும் நத்தை ஓட்டின் முதுகிலும் ஒட்டிக்கொண்டு வந்து குடியேறும் உயிர்கள். எல்லை: வடக்கே மேட்டுப்பாளையம், தெற்கே பொள்ளாச்சி, கிழக்கே பெருந்துறை, மேற்கே வாளையாறு. கேட்போர்: நள்ளிரவில் டார்ச் விளக்கோடு தொட்டி முன் குத்தவைத்து, "இது எப்ப வந்துச்சு?" என்று திகைத்திருப்போர். பயன்: அவர்கள் மறுநாள் காலை செய்யவிருக்கும் கொலைகளில் பாதியாவது குறைதல்.

வந்த வழி

ஒட்டுவதற்கு முதலில் ஒரு பொருள் வேண்டும். மேல்நாடுகளில் அது லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியிருக்கக் குடியிருக்கக் கடலிலிருந்து எடுத்த பாறை. நமக்கு அந்த வழி அடைப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத் திட்டுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு பவளக்கல்லை எடுத்து வந்தவருக்குப் பெயர் மீன் வளர்ப்பவர் அன்று, குற்றவாளி. ஆகவே கொங்குத் தொட்டிகளில் கிடக்க வேண்டியது உலர்ந்த கல்லோ செயற்கைக் கல்லோதான். ஒட்டி வருவோர் அதனால் வேறு வண்டி பிடிக்கிறார்கள்: வளர்ப்புப் பவளத் துண்டை ஒட்டி விற்கும் ஃபிராக் பிளக், நத்தை, பாசிக் கொத்து, சில சமயம் மீன் வந்த பையின் தண்ணீரே. சென்னையில் ராத்திரி பஸ் ஏறும் தெர்மாகோல் பெட்டி விடியும்போது காந்திபுரத்தில் இறங்குகிறது. பெட்டி மேல் எழுதியிருப்பது ஓர் உயிரின் பெயர். உள்ளே ஒரு கிராமம்.

ஒட்டி வந்ததே அட்டவணை உயிராக இருந்தால் என் செய்வது என்று மாணாக்கர் வினவுவர். கடல் அட்டைகள் அனைத்தும் அதே 2001இல் அதே முதல் அட்டவணைக்குள் வந்தன. அதாவது ஆனைமலைப் புலிக்கும், தொட்டிக்குக் கீழே தண்ணீரை வடிகட்டும் சம்ப்பின் மூலையில் மண் தின்றுகொண்டிருக்கும் விரல்நீள ஜீவனுக்கும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நாற்காலி. உரையாசிரியர் இதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

முன்னோர் மதம்

வகைப்படுத்தும் கலையில் நமக்கு மூத்தவர் தொல்காப்பியர். மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறார். புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையும் சிப்பி இனமும் ஈரறிவு. கரையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. ஏணி நேர்த்தியானது. தொட்டி முன் சாய்த்து வைத்தால்தான் ஆடுகிறது. பவளத்தை எந்தப் படியில் ஏற்றுவது? மரம்போல் இடம்விட்டு நகராது. இரவானால் வாய் திறந்து இரை பிடிக்கும். போதாததற்கு உடம்புக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் பாதி வாழ்க்கை நடத்தும்.

அடுத்து லின்னேயஸ். 1758இல் வந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளை ஆறு வகுப்பாக்கினார். பாலூட்டி, பறவை என்று ஒழுங்காகத் தொடங்கியவர், கடைசி வகுப்புக்கு வரும்போது களைத்துவிட்டார் போலும். நத்தை, சிப்பி, நட்சத்திர மீன், பவளம் எல்லாவற்றையும் 'புழுக்கள்' என்ற ஒரே வகுப்பில் தள்ளிக் கதவைச் சாத்தினார். நண்டைப் பூச்சிகளோடு உட்கார வைத்தார். கவனிக்க: தொல்காப்பியரும் நண்டையும் தும்பியையும் ஒரே படியில்தான் வைத்தார். இன்றைய மரபணு ஆய்வுகள் பூச்சிகள் அனைத்தும் நண்டு, இறால் வகையறாவின் குலத்துக்குள்ளிருந்து கிளைத்தவை என்கின்றன. இந்தப் பத்தியை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

நம் கரையைப் பற்றிய நூல்களும் உண்டு. கிரேவ்லி முன்னின்று தொகுத்த, பாம்பன் அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய தொகுதியைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. அத்தகைய நூல்களில் தேடினால் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்த பிறகும், "விடறதா, எடுக்கறதா?" என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா. ஒரு கல்யாணத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியவர், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது தொட்டியில் ஒரு புழு கல்லை விட்டு வெளியே நீண்டுகொண்டிருந்ததைப் பார்த்தார். நான் உற்சாகமாக லத்தீன் பெயரைத் தொடங்கினேன். "பேரு கெடக்குது கண்ணு. அது எதையத் திங்குது? எப்பத் திங்குது? அதைய யாரு திங்கறாங்க? அதைச் சொல்லு மொதல்ல" என்றார். இம்மூன்று வினாவே இந்நூலின் முதல் நூற்பா. ஏனைய எல்லாம் உரை.

பெயரியல்

முகத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதத்தக்கோர் சிலரே. அவர்களுள் தலையாயது ஐப்டேசியா என்னும் கண்ணாடி அனிமோன். பழுப்பு நிறம், பாதி ஊடுருவித் தெரியும் உடம்பு, மெல்லிய நீண்ட கைகள். அழகு. முதல் நாள் போட்டோ எடுத்து, "மாப்ள, ஃப்ரீயா ஒரு அனிமோன் வந்திருக்குது" என்று அனுப்புவீர்கள். அடுத்த மாதம் அது பத்தாகி, பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டிக் கருக்கும்போது வேறு வார்த்தைகள் அனுப்புவீர்கள். தொட்டால் துளைக்குள் சுருங்கும். பிய்த்தால் பிய்ந்த துணுக்குகள் தனித்தனி அனிமோனாகும். இந்த அடங்காத்தனத்துக்காகவே ஆய்வகங்களில் இதற்கு மரியாதை: பவளமும் பாசியும் கூடி வாழும் முறையை ஆராய, வளர்ப்பதற்கு எளிதான உயிர் வேண்டும் என்று தேடிய விஞ்ஞானிகள் இதைத்தான் தேர்ந்தார்கள். நாம் கொல்ல முடியாமல் தவிப்பது அவர்களுக்குச் சான்றிதழ்.

வைத்தியம் உண்டு. கல்க்வாசர் என்ற பெயரில் டப்பாவில் வரும் பொடியைக் குழைத்து ஊசியால் அதன் வாயில் ஏற்றுவது. டப்பாவைத் திருப்பினால் கால்சியம் ஹைட்ராக்சைடு என்றிருக்கும். சுண்ணாம்பு. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜெர்மன் பெயரில் சுண்ணாம்பை விற்கும் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. இன்னொரு வைத்தியம் பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. அது தீர்ந்தால் தானும் பட்டினியில் சாகும். பெரியப்பாவின் மூன்றாம் வினாவுக்கு இதைவிடச் சுத்தமான விடை கடலில் குறைவு.

கல்லின் மேல் வெள்ளைச் சுருள்கள் தெரிந்தால் உடனே சுரண்டுகிறார்கள். நிற்க. மில்லிமீட்டர் அளவில் தட்டையாகச் சுருண்டு அப்பிக் கிடப்பவை ஸ்பைரார்பிட் குழாய்ப் புழுக்கள். தண்ணீரை வடிகட்டித் தின்று பேசாமல் இருப்பவை. குழாய் நீண்டு நிமிர்ந்து, விளிம்பு விரலைக் கிழிக்கும் கூர்மையோடு, வாயிலிருந்து சிலந்தி நூல்போல் கோழையை வீசுமாயின் அது வெர்மெடிட் நத்தை. அந்தக் கோழை பவளத்தின் மேல் படிந்து எரிச்சலூட்டும். முன்னதை விடுக, பின்னதன் குழாயை நெரித்துப் பசை வைத்து மூடுக.

வினையியல்

பெயர் போதாமல் செயலால் அறியப்படுவோர் இனி. இவ்வியலின் நாயகன் முட்புழு, பழகியவர் வாயில் பிரிசில் வார்ம். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த உடல், இருபுறமும் வெள்ளை மயிர்க் கொத்து. வெறுங்கையால் தொட்டால் அந்த மயிர் தோலில் தைத்து நாள் முழுக்க எரியும். செல்லோ டேப்பை ஒட்டிப் பிடுங்குவதே வழி. இந்தத் தொட்டி உலகில் இதைவிட அதிகமாகப் பழி சுமந்த உயிர் இல்லை.

வழக்கு எப்போதும் ஒன்றுதான். காலையில் மீன் செத்துக் கிடக்கிறது. மேலே நான்கு புழு. ஆகவே புழு கொன்றது. இந்தத் தர்க்கப்படி கோவையில் நிகழும் சாவுகளுக்கெல்லாம் பந்தல்காரரே பொறுப்பு. எல்லாச் சாவு வீட்டிலும் அவர்தானே இருக்கிறார்? முட்புழுக்களில் பெரும்பாலானவை பிணந்தின்னிகள். கல் இடுக்கில் அழுகும் மீனையும் மிஞ்சிய தீனியையும் ராத்திரியில் தின்று தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்பவை. அவை பெருகுகின்றன என்றால் நீங்கள் அதிகமாகத் தீனி போடுகிறீர்கள் என்று பொருள். பவளத்தையே தின்னும் நெருப்புப் புழு ஒன்று அட்லாண்டிக்கில் உண்டு. அதன் குற்றம் இதன் தலையில் எழுதப்பட்டது. உருவம் ஒத்திருத்தல் ஒரு வினை ஆகாது என்க.

நண்டுகளில் நீதி இன்னும் கேவலம். கிளைப் பவளத்தின் கொம்புகளுக்கிடையே பட்டாணி அளவில் வழவழப்பான நண்டு ஒன்று ஒளிந்திருக்கும். ட்ரபீசியா. பவளம் சுரக்கும் கோழையைத் தின்று வாழும். அதற்குக் கூலியாக வண்டலைத் துடைக்கும். திட்டுகளையே மொட்டையடிக்கும் முட்கிரீட நட்சத்திர மீன் ஏற வந்தால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய அதன் குழாய்க்கால்களைக் கிள்ளித் துரத்தும். இந்தக் காவல்காரரைத்தான் "நண்டு இருக்குதுங்க" என்று இடுக்கியால் இழுத்துக் காப்பி டம்ளரில் போடுகிறார்கள். எடுக்க வேண்டியது வேறு ஆள்: உடம்பெல்லாம் மயிர், கொடுக்கின் நுனி கறுப்பு, கல்லுக்குக் கல் தாவும் பழக்கம். மயிருள்ளதை எடு, வழவழப்பை விடு என்பது பொது விதி. விதிவிலக்குகளைத் தொட்டியே கற்பிக்கும்.

கண்ணாடியில் நகமளவு நட்சத்திர மீன்கள் ஒட்டியிருந்தால் அவை ஆஸ்டெரினா. ஒன்றுக்கு ஐந்து கை, ஒன்றுக்கு ஏழு, ஒன்றுக்கு மூன்று பெரிது மூன்று சிறிது. நோய் அன்று, தம்மைத் தாமே இரண்டாகக் கிழித்துப் பெருகியதன் கணக்கு. பெரும்பாலும் பாசி மேய்பவை.

இடையியல்

இடைச்சொல் தனித்து இயங்காது, ஆனால் அது இல்லாமல் வாக்கியம் நடக்காது. கோப்பிபாட், ஆம்பிபாட் என்னும் பொடிப்பூச்சிகள் அவ்வகை. விளக்கணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஊர்வது தெரியும். இவை வந்தால் தொட்டிக்கு உயிர் வந்தது. மாண்டரின் மீன் இவற்றைத் தின்றே வாழும்; இவை இல்லாத தொட்டியில் மெலிந்து சாகும். பார்த்த கையோடு மருந்து தேடுவோரை இந்நூல் இவ்விடத்தில் கைவிடுகிறது.

எச்சவியல்

ஆளைக் காணோம், விட்டுப்போன தடயம் மட்டும் இருக்கிறது. இதுவே கற்றோர்க்கு உவப்பான இயல்.

முதல் எச்சம் ஒலி. ராத்திரியில் தொட்டியிலிருந்து "டக்" என்று கேட்கும். கண்ணாடி விரிசல் விட்டதென்று வீட்டிலுள்ளோர் எழுந்து ஓடுவர். இருவர் மேல் சந்தேகம். ஒருவர் பிஸ்டல் இறால்: பெருத்த ஒற்றைக் கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி நொறுங்குகிறது; ஒலி கொடுக்குகள் மோதுவதால் அன்று, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்று 2000ஆம் ஆண்டில்தான் நிறுவினார்கள். இவர் பெரும்பாலும் நல்லவர்; கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்துபவரும் உண்டு. மற்றவர் மாண்டிஸ் இறால். இவர் குத்துச்சண்டைக்காரர். மயில் மாண்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வரை போகும் என்று 2004இல் அளந்தார்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். அவிநாசி சாலையில் பீளமேட்டுக்குள் அந்த வேகம் போனால் போலீஸ் நிறுத்தும். 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கடல் காட்சியகத்தில் டைசன் என்று பெயரிடப்பட்ட மாண்டிஸ் இறால் தன் தொட்டிக் கண்ணாடியையே உடைத்தது. நம் தொட்டிக்கு ஒட்டி வருபவர் விரல் நீளமே இருப்பார், கண்ணாடி பிழைக்கும்; நத்தையும் நண்டும் பிழைக்கா. பிரித்தறிவது எப்படி எனின், காலையில் உடைந்த நத்தை ஓடுகள் சிதறிக் கிடந்தால் பின்னவர், இல்லையேல் முன்னவர்.

இரண்டாம் எச்சம் காணாமற்போதல். மீன் ஒன்று இல்லை, பிணமும் இல்லை. ஒரு வாரத்தில் பவளத்தில் கடித்த வடு. இங்கே மட்டும் பயப்படலாம். 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகத்தில் மீன்கள் காணாமல் போய், பவளங்கள் பாதியாய் வெட்டுண்டு கிடந்தன. காரணம் தெரியாமல் கடைசியில் தொட்டியையே கல் கல்லாகப் பிரித்தார்கள். உள்ளே நான்கடி நீளத்துக்கு ஒரு புழு. பாபிட் புழு என்று உலகம் அழைக்கும் யூனிஸ் குலத்தவர். முட்புழுவுக்கும் இதற்கும் வேறுபாடு தலையில் இருக்கிறது: இதற்கு ஐந்து உணர்கொம்புகள், தோலில் எண்ணெய் படிந்தாற்போல் வானவில் பளபளப்பு. பார்க்க வேண்டுமானால் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுக. வெள்ளை வெளிச்சம் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவப்பை அவ்வளவாக உணராது.

புறனடை

மேற்சொன்னவற்றுள் அடங்காதன எல்லாம் இங்கே அடக்கப்படும்.

பெரியப்பாவின் மூன்று வினாக்கள் தொட்டிக்காகப் பிறந்தவை அல்ல. 2008 ஜூலையில் கோவைப் பப்பாளிகளில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒரு பூச்சி அப்பியது. மெக்சிகோ பக்கத்து மாவுப்பூச்சி. இந்தியாவில் அது முதலில் பதிவானது இங்கேதான். யாரும் அழைக்கவில்லை, ஒட்டி வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஏறியது. கடையில் இருந்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். மேலே இருந்த மெழுகுப் பூச்சு அதைக் காத்தது. செத்தவை அதைத் தின்ன வந்த பூச்சிகள். 2010இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. கொசுவைவிடச் சிறியவை. அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள், பூச்சி அடங்கிற்று. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தபோது நிலைமை இன்னும் வேடிக்கை: அதைத் தின்னும் என்கார்சியா குளவி, முன்பு வந்த வேறொரு வெள்ளை ஈயோடு தானே ஒட்டி வந்து ஏற்கெனவே இங்கே குடியிருந்தது. மருந்தடிக்காதீர்கள், குளவியைக் காப்பாற்றுங்கள், ஓலையில் கரும்பூசணம் படிந்தால் மைதாப் பசையைத் தெளியுங்கள் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொன்னது. கேட்டவர் பெரியப்பா. கேட்காதவர் தோப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. யாருடையது என்று சொல்வதற்கில்லை.

தொட்டிக்காரர்களுக்கோ இந்தப் பொறுமை வரவில்லை. சந்தேகப்பட்ட கல்லை எடுத்துக் குண்டாவில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பாலிதோவா என்ற பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஹவாயில் 1971இல் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் அறியப்பட்ட கொடிய நஞ்சுகளுள் ஒன்று. கொதிக்க வைத்தால் ஆவியோடு எழுந்து வீட்டையே படுக்க வைக்கும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷைரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த ஒரு வீட்டாரும், உதவிக்குப் போனவர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். பெயர் தெரியாத பொத்தான் பவளத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கடைசியாக, இரக்கமுள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள். கொல்ல மனம் வராமல், ராமேஸ்வரம் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று பாட்டிலில் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் சன்னலுக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட காலெர்ப்பா பாசி, தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த வகை, பிறகு மத்தியதரைக் கடலின் அடியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. மண்டபத்திலும் பாம்பனிலும் இருப்பவற்றுக்கு நம் தொட்டியிலிருந்து புது உறவு வேண்டாம். வேண்டாத உயிரைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் குப்பையில் போடுங்கள். தொட்டித் தண்ணீரை பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, அப்புறம் கொட்டுங்கள்.